பூட்டு எங்கட கணினியில், சாவி ஆரிட்ட?

கணினி பூட்டுப்படுகிறதுக்கு என்று ஒரு நேரம் இருக்கிறது. ஞாயிறு இரவு, பிள்ளை நாளைக்குக் கொடுக்க வேண்டிய தெவுவார் அதற்குள் இருக்கும். அல்லது காஃப் பத்திரத்துக்குக் கடைசி நாளாக இருக்கும். அல்லது அப்பாவின் வதிவிட அட்டை முடிய இரண்டு மாதம்தான் இருக்கும். பல வகை அட்டைகளுக்கு இப்ப பிரிபெக்தூர் வாசலில் விடியக்காலை வரிசை கிடையாது, இணையத்தில்தான் மனு. அந்த நேரம் பார்த்துத் திரையில் ஒரு சின்னப் பெட்டி வந்து நிற்கும்: கடவுச்சொல் பிழை.

அப்பதான் உங்களுக்குப் போன் வரும். "பிள்ளை, இந்தக் கொம்பியூட்டர் திறக்குதில்லை. நீ வந்து ஒருக்காப் பார்." பிரான்சில் பிறந்தோ சின்ன வயதில் வந்தோ வளர்ந்த எங்கள் தலைமுறைக்கு இது புது வேலை இல்லை. பத்து வயதில் செக்கு சோசியாலிலிருந்து வந்த கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துச் சொன்னதும் நாங்கள்தான். இப்ப எங்கட பிள்ளைகள் அம்மம்மாவுக்குப் பாஸ்வேர்ட் போட்டுக் கொடுக்கிறார்கள். இந்த மாதம் அந்தப் பூட்டைப் பற்றித்தான் கதைக்கப் போகிறோம். முதலில் எப்படித் திறக்கிறது, பிறகு எப்படி அமைக்கிறது, கடைசியாகச் சாவி ஆரிடம் இருக்கவேண்டும் என்பது.

பாஸ்வேர்ட் சரி, விசைப்பலகை பிழை

பூட்டுப்பட்ட கணினிக்கு முன்னால் இருந்தவுடன் செய்யவேண்டிய முதல் வேலை, திரையின் வலது பக்கக் கீழ்மூலையைப் பார்ப்பது. அங்கே மூன்று எழுத்தில் ஒரு மொழிக் குறி இருக்கும். பிரெஞ்சுக்கு எஃப்.ஆர்.ஏ. ஆங்கிலத்துக்கு ஈ.என்.ஜி.

இது எங்கட வீடுகளில் மற்ற வீடுகளைவிடக் கூடுதலாக வருகிற கரைச்சல். காரணம், கணினியும் எங்களைப் போலவே நாடு மாறி வருகிறது. லண்டனிலிருந்து பெரியம்மாவின் மகன் புதுசு வாங்கினால் பழசு திரான்சிக்கு வரும். ஜெர்மனிச் சித்தப்பா ஒன்று கொண்டுவந்து தருவார். லண்டன் விசைப்பலகை க்வெர்ட்டி, ஜெர்மன் க்வெர்ட்ஸ், பிரெஞ்சு அசெர்ட்டி. பிரெஞ்சில் ஏ இருக்கிற இடத்தில் ஆங்கிலத்தில் க்யூ இருக்கும். இசட் இருக்கிற இடத்தில் டபிள்யூ. எம் வேறு வரிசை. ஜெர்மனில் இசட்டும் வையும் இடம் மாறியிருக்கும். விண்டோஸ் எந்தப் பலகை என்று நினைக்கிறதோ அந்த எழுத்துத்தான் உள்ளே போகும், விசையில் அச்சடித்திருக்கிற எழுத்து இல்லை. பிள்ளை வீட்டுப்பாடத்துக்காகத் தமிழ்ப் பலகையையும் சேர்த்திருந்தால் குழப்பம் இன்னும் ஒரு படி கூடும்.

எங்கட ஊர்ப் பெயர், ஆள் பெயர்களை ரோமன் எழுத்தில் எழுதினால் ஏ என்ற எழுத்து இல்லாமல் லேசில் ஒன்றும் வராது. அதனால் பலகை மாறினால் எங்கட பாஸ்வேர்ட்தான் முதலில் விழும்.

இன்னொன்று எண்கள். பிரெஞ்சுப் பலகையின் மேல் வரிசையில் சும்மா அழுத்தினால் எண் வராது, குறிகள்தான் வரும். மாஜ் விசையைப் பிடித்துக்கொண்டு அழுத்தினால்தான் எண். வலது பக்க எண் பலகை இருந்தால் அதற்கு வெர் நூம் எரியவேண்டும். அம்மா "நான் சரியாத்தான் அடிச்சனான்" என்று சொன்னால் நம்புங்கள். அவ சரியாகத்தான் அடித்திருப்பா.

செய்யவேண்டியது இதுதான். விண்டோஸ் விசையோடு நீளப்பட்டையை அழுத்தி மொழியை மாற்றுங்கள். பாஸ்வேர்ட் பெட்டியின் ஓரத்தில் இருக்கிற கண் படத்தை அழுத்திப் பிடித்தால், அடித்தது என்ன என்று தெரியும். விசை ஏதும் பழுதாகியிருந்தால், கீழ்மூலையில் இருக்கிற அணுகல்வசதிப் படத்துக்குள் திரைப் பலகை இருக்கிறது. அதில் சுட்டியால் ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டு அடிக்கலாம். நிறையப் பூட்டுகள் இந்த இடத்திலேயே திறந்துவிடும்.

சில தடவை பின் இலக்கத்தைப் பிழையாக அடித்தால், ஏ, 1, பி, 2, சி, 3 என்று அடிக்கச் சொல்லி ஒரு வரி வரும். உடனே "ஆரோ ஹேக் பண்ணிட்டாங்கள்" என்று பயப்படுகிறவர்கள் உண்டு. அப்படி ஒன்றும் இல்லை. மேசையில் ஏறின குழந்தை விசைகளைத் தட்டுகிறதா, அல்லது ஒரு ஆள் யோசித்துத்தான் அடிக்கிறாரா என்று விண்டோஸ் பார்க்கிற வழி அது. கேட்டதை அடித்துவிட்டுத் திரும்ப முயற்சி செய்யலாம். அதற்குப் பிறகும் பிழைத்தால் கணினியை மீளத் தொடங்கச் சொல்லும்.

எது பூட்டு, எது திறப்பு

பலகை சரி, ஆனாலும் திறக்கவில்லை. இப்ப கேட்கவேண்டிய கேள்வி: இது எந்த வகைப் பூட்டு?

பின் இலக்கம் வேறு, பாஸ்வேர்ட் வேறு. இரண்டையும் ஒன்றாக நினைத்துத்தான் கனபேர் தடுமாறுகிறார்கள். பின் அந்த ஒரு கணினிக்கு மட்டும் உரியது. அது தெரிந்தவர் வேறு இடத்திலிருந்து உங்கட மின்னஞ்சலுக்குள் போகமுடியாது. மைக்ரோசொஃப்ட் கணக்கின் பாஸ்வேர்ட் அப்படி இல்லை, அதை வைத்து உலகத்தில் எங்கேயிருந்தும் நுழைய முயற்சி செய்யலாம். அதனால் வயதான ஆட்களுக்கு நாளாந்தப் பாவனைக்குப் பின் நல்லது. நீளமான பாஸ்வேர்ட் பின்னுக்கு நிற்கட்டும்.

பின் மறந்தால், பெட்டிக்குக் கீழேயே "மறந்துவிட்டேன்" என்ற இணைப்பு இருக்கும். வைஃபை இருந்தால் அதற்குள் போய் மைக்ரோசொஃப்ட் பாஸ்வேர்டைக் கொடுத்துப் புதுப் பின் போடலாம். பாஸ்வேர்டே மறந்துபோனால், உங்கட போனிலிருந்து மைக்ரோசொஃப்ட் கணக்குப் பக்கத்துக்குப் போய் மீளமைக்கலாம். அது பழைய போன் இலக்கத்துக்கோ மின்னஞ்சலுக்கோ ஒரு குறியீடு அனுப்பும்.

இங்கேதான் எங்கட ஆட்களுக்கு அடுத்த அடி. அந்தப் பழைய இலக்கம், எப்பவோ லாச்சப்பலில் வாங்கிப் போட்டுப் பிறகு எறிந்த ப்ரீபெய்ட் சிம்மாக இருக்கும். பழைய இலக்கமும் இல்லை, பழைய மின்னஞ்சலும் இல்லை என்றால் எல்லா விபரத்தையும் மாற்றுவதற்கு மைக்ரோசொஃப்ட் 30 நாள் காத்திருக்கச் சொல்லும். வதிவிட அட்டைக்கு நாள் எண்ணிக்கொண்டிருக்கிற வீட்டில் 30 நாள் சின்ன விசயம் இல்லை. அதனால் அப்பா சிம் மாற்றுகிற அன்றைக்கே அவருடைய கணக்குகளிலும் இலக்கத்தை மாற்றிவிடுங்கள்.

மைக்ரோசொஃப்ட் கணக்கே இல்லாமல், அந்தக் கணினிக்குள் மட்டும் இருக்கிற கணக்கென்றால் வேறு வழி. 2018 முதல் விண்டோஸ் அப்படிக் கணக்கு உண்டாக்கும்போது மூன்று இரகசியக் கேள்வி கேட்டு வைத்துக்கொள்கிறது. பிழையான பாஸ்வேர்ட் அடித்தால் மீளமைக்கிற இணைப்பு வரும், மூன்றுக்கும் சரியாகப் பதில் சொன்னால் திறக்கும்.

ஆனால் அந்தக் கேள்விகளைப் பாருங்கள். நீங்கள் பிறந்த நகரம் எது? முதல் படித்த பள்ளிக்கூடம் எது? உங்கட மூத்த கசினின் பெயர் என்ன? பிறந்த ஊர் வட்டுக்கோட்டை என்றால் ரோமன் எழுத்தில் அதற்கு எத்தனை எழுத்துக்கூட்டல்! பாஸ்போர்ட்டில் ஒன்று, ஒஃப்ப்ரா பத்திரத்தில் இன்னொன்று, அப்பா கையால் எழுதினால் மூன்றாவது. மூத்த கசின் என்றால் ஆர்? பெரியப்பாவின் மகன் எங்களுக்கு அண்ணா, மாமாவின் மகன் மச்சான். இருவரில் ஆரை அன்றைக்கு நினைத்தோம்? போதாக்குறைக்கு, இந்தப் பதில்கள் எல்லாம் குடும்பத்தில் இருக்கிற அத்தனை பேருக்கும் தெரியும்.

அதனால் உண்மையான பதில் கொடுக்கவேண்டும் என்று ஒரு கட்டாயமும் இல்லை. ஒரே சொல்லை, ஒரே எழுத்துக்கூட்டலில், எழுதி வைத்துக்கொண்டு கொடுங்கள். பிறந்த ஊர் என்ற கேள்விக்குக் "குத்துவிளக்கு" என்று பதில் போட்டாலும் கணினி கோபிக்காது.

மேசையில் ஆப்பிள் மக் இருந்தால், சில தடவை பிழைத்தவுடன் ஆப்பிள் கணக்கு மூலம் மீளமைக்கிற வழியை அதே திரையில் காட்டும். அங்கேயும் விசயம் ஒன்றுதான்: அந்தக் கணக்கில் இருக்கிற போன் இலக்கம் உயிரோடு இருக்கவேண்டும்.

48 இலக்கத் திறப்பு

இன்னொரு திரையும் வரலாம். நீல நிறம், பிட்லொக்கர் என்ற பெயர், 48 இலக்கம் கேட்கும். புதுக் கணினிகள் பலவற்றில் வட்டில் இருக்கிறதெல்லாம் தானாகவே குறியாக்கம் செய்யப்பட்டிருக்கிறது. களவு போனால் உள்ளே இருக்கிறதை ஒருவரும் வாசிக்கமுடியாது. பெரிய மாற்றம் ஏதும் நடந்தால், நீங்கள்தான் சொந்தக்காரரா என்று அது ஒருக்காக் கேட்கும்.

அந்த 48 இலக்கம், கணினியை முதல் அமைத்தபோது பாவித்த மைக்ரோசொஃப்ட் கணக்குக்குள் இருக்கும். போனிலிருந்து அந்தக் கணக்குக்குள் போய் எடுத்து அடிக்கலாம். அமைத்தது அப்பாவா, மகனா, லண்டன் மச்சானா என்று தெரியாவிட்டால் கதை கந்தல். இந்தத் திறப்பு இல்லையென்றால், எந்தக் கெட்டிக்காரனாலும் படங்களையும் பத்திரங்களையும் மீட்கமுடியாது. "அண்ணை, நான் எல்லாத்தையும் எடுத்துத் தாறன்" என்று கடையில் சொன்னால், முதலில் இதைக் கேளுங்கள்: வட்டு குறியாக்கம் செய்யப்பட்டதா, இல்லையா?

திரான்சியிலிருந்து எர்.எ.எர். பி எடுத்து கார் து நோரில் இறங்கினால் லாச்சப்பல் நடைதூரம். சனிக்கிழமை மரக்கறி வாங்கப் போகும்போது கணினியையும் பையில் போட்டுக்கொண்டு போகிறது எங்களுக்குப் பழக்கமான வேலைதான். போகிறதில் பிழையில்லை. ஆனால் கொடுக்கிறதுக்கு முன்னம் மூன்று விசயம் பேசுங்கள். விலை எவ்வளவு? உள்ளே இருக்கிறது அழியுமா? அழிக்கிறதுக்கு முன்னம் எனக்குப் போன் எடுப்பீர்களா? துண்டு ஒன்றும் எழுதி வாங்குங்கள். பூட்டைத் திறக்கிறது வேறு, எல்லாவற்றையும் அழித்து விண்டோஸைப் புதுசாகப் போடுகிறது வேறு. இரண்டாவதைச் செய்துவிட்டு "திறந்திட்டன்" என்று சொன்னால், ஊரிலிருந்து வந்த கலியாணப் படங்கள் போனது போனதுதான்.

பூட்டே இல்லாத பூட்டு

இதோடு சேர்த்துக் கவனிக்கவேண்டியது பொய்ப் பூட்டு. இணையத்தில் ஏதோ பார்த்துக்கொண்டிருக்கும்போது திரை முழுக்கச் சிவப்பாக ஒரு அறிவித்தல், கூடவே சத்தமாக ஒரு குரல்: உங்கள் கணினி பூட்டப்பட்டது, அணைக்கவேண்டாம், இந்த இலக்கத்துக்கு உடனே அழையுங்கள். பிரான்சில் இதற்குப் பொய்த் தொழில்நுட்ப உதவி மோசடி என்று பெயர். போன் எடுத்தால் மரியாதையாகக் கதைப்பார்கள், கணினிக்குள் வர அனுமதி கேட்பார்கள், பிறகு வங்கி அட்டை இலக்கம் கேட்பார்கள்.

அது பூட்டே இல்லை, ஒரு இணையப் பக்கம் மட்டும்தான். மைக்ரோசொஃப்ட் தன்னுடைய எச்சரிக்கைகளில் போன் இலக்கம் போடுவதில்லை. ஆல்ட் விசையோடு எஃப் 4 அழுத்தி மூடுங்கள். முடியாவிட்டால் மின்பொத்தானை அழுத்திப் பிடித்து அணையுங்கள். திரும்பப் போடும்போது பழைய பக்கங்களைத் திறக்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஏற்கனவே போன் எடுத்து உள்ளே விட்டாயிற்று என்றால் இணையத்தைத் துண்டியுங்கள், வங்கிக்கு உடனே சொல்லி அட்டையை நிறுத்துங்கள். அரசாங்கத்தின் சைபர்மால்வெயியான்ஸ் தளமும், 2024 டிசம்பரில் தொடங்கின 17சைபர் சேவையும் இதற்கென்றே இருக்கின்றன. பொலிசுக்கு முறைப்பாடும் கொடுக்கலாம்.

வயதான ஆட்கள் இதில் மாட்டுப்பட்டால் பிள்ளைகளுக்குச் சொல்ல வெட்கப்படுவார்கள். ஏசாதீர்கள். ஏசினால் அடுத்தமுறை சொல்லமாட்டார்கள், அதற்குள் காசு போய்விடும்.

திறந்தாயிற்று, இனி எப்படி வைக்கிறது?

உள்ளே போனவுடன் பராமெத்ர், அதற்குள் கோந்த், அதற்குள் ஒப்சியோன் து கொனெக்சியோன். பூட்டு பற்றின எல்லாம் இங்கேதான்.

நீங்கள் எழும்பிப் போய் எவ்வளவு நேரத்தில் திரும்பப் பாஸ்வேர்ட் கேட்கவேண்டும் என்று ஒரு கேள்வி இருக்கும். "ஒருபோதும் வேண்டாம்" என்றும் அதில் ஒரு தெரிவு உண்டு. கரைச்சல் பட்ட கையோடு அதை அமத்தத்தான் மனம் வரும். அப்பாவும் "இந்தக் கோதாரியை எடுத்துவிடு" என்பார். எடுக்காதீர்கள், நேரத்தை மட்டும் கூட்டிவிடுங்கள். ஒரு நிமிசத்தில் திரை அணைந்து பூட்டுப்படுகிறதுதான் ஆட்களுக்கு எரிச்சல். பவர் அமைப்புக்குள் போய்த் திரை அணைகிற நேரத்தைப் பத்து, பதினைந்து நிமிசமாக மாற்றினால் பாதிப் பிரச்சினை போய்விடும். அவசரமாக எழும்பும்போது விண்டோஸ் விசையோடு எல் அழுத்தினால் கையோடு பூட்டிவிடும். விரல் அடையாளமோ முகமோ பார்க்கிற வசதி கணினியில் இருந்தால் அம்மாவுக்கு அதைப் போட்டுக்கொடுங்கள். மொழி அமைப்புக்குள் போய்ப் பாவிக்காத பலகைகளை அழித்துவிடுங்கள்.

முக்கியமானது, ஒரே கணக்கை ஐந்து பேர் பாவிக்காமல் ஆளுக்கொரு கணக்கு. எஃப்3 வீட்டில் ஒரே கணினி, மூன்று தலைமுறை. பிள்ளை விளையாட்டு இறக்குகிற கணக்கிலேயே அப்பாவின் வரிப் பத்திரமும் அம்மாவின் அமெலி கணக்கும் திறந்தபடி இருக்கக்கூடாது. நிர்வாகி உரிமை ஒரு பெரிய ஆளிடம், மற்றவர்களுக்குச் சாதாரண கணக்கு.

"எங்கட வீட்டுக்குள்ள என்ன களவு போகப்போகுது?" என்று நினைக்கலாம். 2024 மார்ச் கடைசியில் என்ன நடந்தது என்று இந்தப் பக்கத்துப் பெற்றோருக்கு ஞாபகம் இருக்கும். மாணவர்களின் பாஸ்வேர்டுகள் களவுபோய், அவர்களுடைய கணக்குகளிலிருந்தே இல்-து-பிரான்சிலும் வேறு இடங்களிலும் பள்ளிக்கூடங்களுக்குக் குண்டு மிரட்டல்கள் போயின. கல்வி அமைச்சு பள்ளி இணையத் தளங்களின் செய்திப் பெட்டிகளையே நிறுத்தவேண்டி வந்தது. மிரட்டினது அந்தப் பிள்ளைகள் இல்லை, ஆனால் செய்தி அவர்களின் பெயரில்தான் போனது. பிள்ளையின் பாஸ்வேர்ட் என்பது பிள்ளையின் கையெழுத்து மாதிரி.

லூவ்ர் சொல்லித் தருகிற பாடம்

2025 ஒக்டோபர் 19, ஞாயிறு காலை லூவ்ர் அருங்காட்சியகத்தில் முடியரசர் காலத்து நகைகள் களவுபோனது உலகம் முழுக்கத் தெரியும். பிறகு பத்திரிகைகள் பழைய ஆய்வறிக்கை ஒன்றைத் தோண்டி எடுத்தன. 2014இல் அரசாங்கத்தின் கணினிப் பாதுகாப்பு நிறுவனமான ஆன்சி சோதித்தபோது, கண்காணிப்புக் கமெராக்களின் கணினிக்குப் பாஸ்வேர்ட் என்னவாக இருந்தது தெரியுமோ? "லூவ்ர்". களவு நடந்தது பாஸ்வேர்டால் இல்லை, கள்ளர் பாரந்தூக்கி வண்டியில் ஏறி யன்னலால்தான் வந்தார்கள். ஆனாலும் வாசலில் எழுதியிருக்கிற பெயரையே திறப்பாக வைக்கலாமோ என்று எல்லாரும் கேட்டார்கள்.

எங்கட வீடுகளிலும் அதே கதைதான். மூத்த பிள்ளையின் பெயரும் பிறந்த வருடமும். அல்லது குலதெய்வக் கோயில். பின் இலக்கம் என்றால் 1983 அல்லது 2009. எங்கட ஆட்களின் மனதில் அழியாத வருடங்கள் அவை, அதனால்தான் எங்களை அறிந்த ஒருவர் முதலில் அடித்துப் பார்க்கப்போவதும் அவற்றைத்தான்.

பிரான்சின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் க்னில் 2022இல் தன் பரிந்துரையைப் புதுப்பித்தது. பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண், குறி எல்லாம் கலந்து 12 எழுத்து. குறி இல்லையென்றால் 14. அல்லது குறைந்தது ஏழு சொல் கொண்ட ஒரு வசனம். சாதாரண ஆட்கள் சும்மா மூன்று மாதத்துக்கொருக்கா மாற்றவேண்டும் என்ற பழைய விதியையும் அது விட்டுவிட்டது. அடிக்கடி மாற்றச் சொன்னால் ஆட்கள் கடைசியில் 1, 2, 3 என்று போட்டுக்கொண்டு போவார்கள், வேறு ஒன்றும் நடக்காது. களவு போனது என்று சந்தேகம் வந்தால் மாற்றுங்கள், அது போதும்.

ஏழு சொல் எங்களுக்கு வசதி. உரல், பனங்கிழங்கு, மிதிவண்டி, மூக்குத்தி என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத ஏழு சாமான்களை ரோமன் எழுத்தில் அடுக்குங்கள். அம்மாவே தெரிவு செய்யட்டும், அவவுக்கு மறக்காது. சினிமாப் பாட்டின் முதல் வரி வேண்டாம், அது எல்லாருக்கும் தெரியும். பிரெஞ்சு உச்சரிப்புக் குறிகளும் வேண்டாம், வேறு பலகையில் அவற்றைத் தேடிக்கொண்டிருக்க வேண்டிவரும்.

எழுதி வைக்கலாமோ? வைக்கலாம், இடம்தான் முக்கியம். 2015 ஏப்ரலில் பாரிசில் டிவி5மோந்த் தொலைக்காட்சியைக் கணினித் தாக்குதல் நிறுத்திப்போட்டது. அடுத்த நாள் அதுபற்றி வேறொரு தொலைக்காட்சிக்குச் செவ்வி கொடுத்த பத்திரிகையாளருக்குப் பின்னால், தாள்களில் எழுதி ஒட்டின பாஸ்வேர்டுகள் அப்படியே தெரிந்தன. திரையில் மஞ்சள் துண்டு ஒட்டுகிறதும் அதே மாதிரித்தான். ஆனால் அம்மா ஒரு கொப்பியில் எழுதி, பாஸ்போர்ட்டும் நகையும் வைக்கிற அலுமாரிக்குள் வைத்தால் பயமில்லை. இணையக் கள்ளன் அலுமாரியைத் திறக்கமாட்டான்.

சாவி ஆரிடம்?

இதுவரை சொன்னது கணினி வேலை. இனிச் சொல்லப்போவது குடும்ப வேலை.

"அம்மம்மா, உங்கட பாஸ்வேர்ட் என்ன?" "எனக்கென்ன தெரியும் ராசா, நீதானே போட்டனீ." இந்தக் கதை எத்தனை வீட்டில் நடக்கிறது? பன்னிரண்டு வயதுப் பேரன் அம்மம்மாவின் கணக்கைத் திறந்து, அவவின் மருத்துவ முடிவையும் வங்கிக் கணக்கையும் அவவுக்கு முன்னமே பார்க்கிறான். உதவிதான் செய்கிறான், கெட்டித்தனமான பிள்ளைதான். ஆனால் கடிதம் வாசித்த பிள்ளைகளாக வளர்ந்த எங்களுக்கு அந்தப் பாரம் தெரியும். அப்பாவின் அகதி விண்ணப்பத்தில் எழுதியிருந்ததை அந்த வயதில் வாசித்திருக்கத் தேவையில்லை என்று எங்களில் சிலர் இப்ப நினைக்கிறார்கள். ஊரில் வீட்டுச் சாவிக்கொத்து அம்மம்மாவின் இடுப்பில் இருந்தது. அவ இங்கே வந்தவுடன் ஏன் அது அவவிடமிருந்து போகவேண்டும்?

பெரியவர்களின் திறப்பு பெரியவர்களிடம் இருக்கட்டும். உதவிக்கு ஒரு வளர்ந்த ஆள், மகளோ மகனோ, அவர்கள் சம்மதத்தோடு தெரிந்து வைத்திருக்கலாம். பேரப்பிள்ளை விசைப்பலகையைக் காட்டிக்கொடுக்கட்டும், அடிப்பது அம்மம்மாவின் விரலாக இருக்கட்டும். பொறுமை இல்லையென்றால், அரசாங்கம் 2021 முதல் வைத்திருக்கிற கோன்செயே நுமெரிக் என்ற ஆலோசகர்கள் இலவசமாகச் சொல்லிக் கொடுப்பார்கள். உங்கட மேரியிலோ நூலகத்திலோ விசாரித்துப் பாருங்கள்.

பிள்ளைகளின் பக்கம் கணக்கு வேறு. 2022இல் வந்த சட்டப்படி, 2024 ஜூலை முதல் பிரான்சில் விற்கப்படும் கணினிகளிலும் போன்களிலும் பெற்றோர் கட்டுப்பாடு இலவசமாக இருக்கவேண்டும். ஆரம்பப் பள்ளிப் பிள்ளையின் பின் உங்களுக்குத் தெரியவேண்டும், அதில் கதையே இல்லை. கொலீஜ் போகிற பிள்ளையோடு ஒப்பந்தம் ஒன்று பேசுங்கள்: உன் பாஸ்வேர்ட் உன்னுடையது, சிநேகிதருக்கும் சொல்லக்கூடாது, ஆபத்து வந்தால் நாங்கள் பார்ப்போம், பார்க்கமுன் உனக்குச் சொல்லுவோம். 15 வயது வந்தால் பிரான்சுச் சட்டமே, இணையச் சேவைகளில் தன் தரவுகளுக்குத் தானே சம்மதம் சொல்ல அந்தப் பிள்ளைக்கு உரிமை கொடுக்கிறது. "நீ என்ர பிள்ளை, உன்ர போனைத் தா" என்று பறித்துப் பார்த்தால், பிள்ளை இரண்டாவது கணக்கு ஒன்றை உங்களுக்குத் தெரியாமல் திறக்கும். பூட்டை உடைக்கிறதால் நம்பிக்கை வராது.

கடைசியாக ஒன்று, சொல்லக் கஷ்டமானது. ஒரு ஆள் போனபிறகு அவருடைய கணினி பூட்டுப்பட்டபடி மேசையில் இருக்கிறது எங்கட சனத்துக்கு இரட்டைத் துக்கம். வீட்டை விட்டு வரும்போது ஊரில் விட்ட அல்பங்கள் திரும்பக் கிடைக்கவில்லை. இஞ்ச சேர்த்த படங்களாவது இருக்கட்டும். கூகுளில், கணக்கு நீண்டகாலம் பாவிக்கப்படாவிட்டால் ஆருக்கு அறிவிக்கவேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவைக்கலாம். ஆப்பிளில் மரபுத் தொடர்பு என்று ஒருவரைக் குறிக்கலாம். 2016ஆம் ஆண்டுச் சட்டம், இறந்தபின் தன் தரவுகளுக்கு என்ன நடக்கவேண்டும் என்று எழுதிவைக்கிற உரிமையைப் பிரான்சில் எல்லாருக்கும் கொடுத்திருக்கிறது.

வருகிற சனிக்கிழமை அம்மா அப்பா வீட்டுக்குப் போகும்போது அரை மணித்தியாலம் ஒதுக்குங்கள். கணக்குகளில் இருக்கிற போன் இலக்கம் இப்பவும் வேலை செய்கிறதா என்று பாருங்கள். 48 இலக்கத் திறப்பை எடுத்துக் கொப்பியில் எழுதுங்கள். அம்மா தானே ஆறு இலக்கத்தில் ஒரு பின் தெரிவு செய்து, ஆறு தடவை பூட்டி, ஆறு தடவை திறந்து பார்க்கட்டும். அவ அடிக்கும்போது நீங்கள் மற்றப் பக்கம் திரும்பி யன்னலைப் பாருங்கள். அந்த இலக்கம் அவவுடையது.